கடைசி வரிசையில் உயர்ந்த கட்டைவிரல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பணியாற்றி ஓய்வு பெற்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் பார்வையாளனாகச் சென்றிருந்தேன். ரோலர் கோஸ்டரின் ஏறுமேடையில் புதிய பணியாளர் அறுவர் பயிற்சிக்காக நின்றிருந்தனர். மேடையின் முன்முனையிலும் பின்முனையிலும் இடுப்பளவு உயரமுள்ள கம்பம் ஒவ்வொன்று. கம்பத்தின் தலையில் பச்சைப் பொத்தான். பணியாளர் இருவரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னே நின்று தத்தம் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாலன்றி வண்டி நகராது. என் காலத்தில் இந்தக் கம்பங்கள் இல்லை. கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டுவோம், அவ்வளவே.

பயிற்சி பெற வந்தவர்களில் ஒருத்தி, ஏன் மாற்றினார்கள் என்று கேட்டாள். பயிற்றுநர் சிரித்துக்கொண்டே விடை சொன்னார்.

"முன்னாடி தம்ஸ் அப்தான் லா. ஒரு கெஸ்ட், கோஸ்டர் பைத்தியம். நம்ம யூனிஃபார்ம திருடிப் போட்டுக்கிட்டு வந்து, ஸ்டாஃப் மாதிரியே சிக்னல் குடுத்துட்டான். டிரெயின் கெளம்பிருச்சு. ஒரு அக்காவுக்குக் கை உடைஞ்சு போச்சு. அதுலேர்ந்து பட்டன்."

"எத்தன வயசு அந்த ஆளுக்கு?"

"அம்பதுக்கு மேல."

அறுவரும் சிரித்தனர். வரிசையில் காத்திருந்தோரில் இரண்டொருவரும் சிரித்தனர். ஐந்தாறு சொற்றொடரில் ஒரு மனிதரின் பெயர் அழிக்கப்பட்டதை, அவை சொல்லப்பட்ட மேடையிலேயே நின்று கேட்டேன். அவர் பைத்தியம் அல்லர். நடிக்கவும் இல்லை. திருடவும் இல்லை. இதை என்னைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவர் வேறு எவரும் இலர்.

கதையில் வந்த 'கை உடைந்த அக்கா' செல்வராணி அப்போது பின்முனைக் கம்பத்தருகே பணியில் இருந்தார். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேண்ணே. விழுந்தவளுக்கே சரியாத் தெரியாதாம். நீங்க எழுதுங்க. உங்க தமிழுக்குப் பயந்தாவது நம்புவாங்க."

ஆகவே எழுதுகிறேன்.

நான் இத்துறைக்கு வந்தது நடுவயதைக் கடந்த பின்பே. அதற்கு முன் இருபத்தைந்து ஆண்டுகள் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுதுபார்ப்பவனாக இருந்தேன். மாலைகளில் தமிழ் இலக்கண வகுப்பு, பகலில் மின்தூக்கிக் குழி என்று கழிந்த காலம் அது. மின்தூக்கியில் ஏறுவோர் முகத்தில் ஒரே விருப்பத்தைத்தான் கண்டிருக்கிறேன்: விரைவில் வெளியேற வேண்டும் என்பது. பின்னர் இப்பூங்கா திறக்கப்பட்டபோது, இயந்திரம் அறிந்தவன் என்று என்னை எடுத்துக்கொண்டனர். ஆறு வாரப் பயிற்சி. அதில் கற்றவை ஒரு சிறு கையேட்டுக்குள் அடங்கும்; கற்காதவை தாமாக மேடைக்கு வந்து சேர்ந்தன.

முதலில் என்னை அதிரவைத்தது, வளர்ந்த மனிதர்கள் அங்கு வந்த விதம். பிள்ளைகளை அழைத்து வருவோரைச் சொல்லவில்லை. தாமே, தமக்காகவே வருவோர். ஆண்டுச் சீட்டு வைத்திருக்கும் பல் மருத்துவர் ஒருவர், மின்னல் எச்சரிக்கையால் வண்டி நிறுத்தப்பட்ட நாளில் மூன்று மணி நேரம் குடை பிடித்து வாயிலிலேயே நின்றார். மீண்டும் திறந்தபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், பராமரிப்புக்காகக் கோஸ்டரை ஒரு மாதம் மூடப்போகிறோம் என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர்கள் எதையோ வளரும் வழியில் தவறவிட்டவர்கள் என்றே கருதினேன். அக்கருத்தை நெடுநாள் வைத்திருந்தேன்.

எனக்கு மேலாளராக இருந்தவர் திரு. இருதயராஜ். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெரிய செய்தி ஒன்றைப் பேசப்போகிறார் என்பதை அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பதிலிருந்து அறிந்துகொள்வோம். காலையில் பூங்கா திறக்குமுன் வண்டியின் ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து, மடிமேல் இறங்கும் தடைக்கம்பியை - நாங்கள் 'பார்' என்போம் - மும்முறை மேலே இழுத்துப் பார்ப்பார். அதற்குப் பொறியாளர் இருவர் உண்டு. அவர்கள் பார்த்த பின்பும் பார்ப்பார்.

கோஸ்டருக்கு நான் குறிப்பேட்டில் 'மலைப்பாதை வண்டி' என்று எழுதிவந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அழைத்தார்.

"மிஸ்டர் மணி, பேரு நல்லா இருக்கு. ஆனா ஏதாச்சும் ஆச்சுன்னா, ஆம்புலன்ஸ்காரன் மலைய தேடிக்கிட்டு புக்கிட் தீமாவுக்குப் போயிடுவான்."

அன்றிலிருந்து கோஸ்டர் என்றே எழுதினேன். இங்கும் அவ்வாறே எழுதுகிறேன்.

அவர் வகுத்த அறிக்கைத் தாள் இன்றும் என் கண்முன் நிற்கிறது. சிறு கீறல் ஏற்பட்டாலும் அதை நிரப்பித் தரவேண்டும். தாள் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'நான் கண்டது'. வலப்பக்கம் 'நான் கருதியது'. நாங்கள் எழுதித் தருவதை எங்கள் முன்னிலையிலேயே உரக்கப் படிப்பார். இடப்பக்கத்தில் எழுதியதைப் பெரும்பாலும் வலப்பக்கத்துக்கு மாற்றச் சொல்வார். "பயணி சினங்கொண்டிருந்தார்" என்று இடப்பக்கம் எழுதினால், "கோவத்த எப்படிப் பாத்தீங்க?" என்பார். முகம் சிவந்திருந்தது, கையை மேசையில் தட்டினார் என்று திருத்தி எழுதும்வரை விடமாட்டார். இலக்கணம் பயின்ற எனக்கே அந்த நடுக்கோடு கடினமாக இருந்தது.

மேடையில் நடைமுறை இதுதான். கட்டுப்பாட்டுக் கூண்டில் ஒருவர், பெரும்பாலும் நான். மேடையில் இருவர்: ஒருவர் வண்டியின் முன்பாதியையும் மற்றவர் பின்பாதியையும் பார்ப்பர். பயணிகள் அமர்ந்ததும் பார்களை இறக்கி, ஒவ்வொன்றையும் கீழே அழுத்தி மேலே இழுத்துச் சோதிப்பர். எல்லாம் பூட்டிக்கொண்டால் என் பலகையில் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கு பயணிகளைப் பற்றி மட்டுமே சொல்லும். மேடையில் இருக்கும் பணியாளர் வண்டியை விட்டு விலகி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னே வந்துவிட்டார் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது கட்டைவிரல். முன்னே ஒன்று, பின்னே ஒன்று. இரண்டையும் கண்ட பிறகே நான் வண்டியைக் கிளப்பவேண்டும்.

இனி, பயிற்றுநரின் கதையில் வந்த அந்தக் 'கெஸ்ட்' தியாகராஜனைப் பற்றி.

பிடோக்கில் வசிப்பவர். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு ஞாயிறும் பூங்கா திறக்கும் வேளையில் வருவார். ஐந்தாறு முறை கோஸ்டரில் போய்விட்டு, ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவார். எப்போதும் கடைசி வரிசை, மேடையோரத்து இருக்கை. அங்கேதான் உடல் இருக்கையை விட்டு எழும் என்பார். சட்டைப்பையில் உள்ளங்கையளவு குறிப்பேடு. சவாரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். செல்வராணி அவருடைய பாரை இழுத்துச் சோதித்ததும், தியாகராஜன் கூண்டிலிருக்கும் என்னை நோக்கிக் கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டுவார். அது வணக்கம். அதே நொடியில் செல்வராணியும் தம் கட்டைவிரலை உயர்த்துவார். ஆக, ஞாயிறுதோறும் வண்டியின் பின்முனையில் இரண்டு கட்டைவிரல்களைக் காண்பேன்: ஒன்று எங்கள் செம்மஞ்சள் சீருடைக் கையில், மற்றொன்று அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில். நான் தலையசைப்பேன்.

ஒருநாள் உணவுக்கடையில் அவரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"தியாகு, இத்தனை படித்தவர் நீங்கள். இதில் என்னதான் இருக்கிறது?"

"அண்ணன் நியூஸ் வாசிக்கிற மாதிரியே கேக்குறாரு," என்று செல்வராணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"கோர்ட்ல நான் பேசுறதெல்லாம் 'நான்'தாண்ணே. சாட்சி 'நான் பாத்தேன்'னா, நானும் 'நான் பாத்தேன்'னு சொல்லணும். 'அவரு பாத்தாராம்'னு சொல்லக் கூடாது. குத்தவாளி 'நான்தான் குத்துனேன்'னா, நானும் 'நான்தான் குத்துனேன்'. முப்பது வருசமா அடுத்தவங்க 'நான்' என் வாயில. இங்க அந்த மொத எறக்கத்துல கத்துறேன் பாருங்க, அது மட்டும் யாரும் சொல்லி நான் சொல்றதில்ல."

வளரும் வழியில் எதையோ தவறவிட்டவர்கள் என்ற என் கருத்து அன்று முதன்முறையாக ஆட்டங்கண்டது.

அவருடைய ஆயிரமாவது சவாரி வந்தது. நான் ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. பணியாளர்கள் சேர்ந்து ஒரு கேக் வாங்கினார்கள். எனக்கு வழங்கப்பட்டிருந்த சீருடைச் சட்டைகள் மூன்று. அவற்றில் ஒன்று சலவையில் சற்றுச் சுருங்கி எனக்கு அளவு சேராமல் போயிருந்தது. அதை மடித்து, தாளில் சுற்றி, அவரிடம் கொடுத்தேன். விதிப்படி அது பூங்காவின் உடைமை. ஓய்வுபெறும்போது திருப்பித் தரவேண்டியது. பிறர் சிறு தவறு செய்தாலும் விதியெண்ணைச் சொல்லித் திருத்தியவன் நான். அன்று அந்த விதி எனக்கு நினைவில் இருந்தது, இருந்தும் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. அவர் சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மீண்டும் அதே மடிப்பில் மடித்துத் தாளில் சுற்றினார்.

அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டையோடு வந்தார்.

"ஏன் போட்டுக்கொண்டு வரவில்லை?"

"கூச்சமா இருக்குண்ணே. ஸ்டாஃப்னு நெனச்சு யாராவது டாய்லெட் எங்கன்னு கேப்பாங்க."

"வழி சொல்லுங்கள், என்ன குறை? அடுத்த வாரம் போட்டுக்கொண்டு வாருங்கள். நான் பார்க்கவேண்டும்."

'நான் பார்க்கவேண்டும்' என்ற அச்சொற்களை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

அடுத்த ஞாயிறு. நாளின் முதல் வண்டி. கிழக்குப் பக்கத் திறப்பின் வழியே வெயில் நேராக என் கூண்டுக் கண்ணாடியில் விழுந்தது. பின்பாதியைச் சோதித்தவர் செல்வராணி. நடுவரிசையில் தொடங்கிக் கடைசி வரிசைவரை வந்து, தியாகராஜனின் பாரையும் இழுத்துப் பார்த்தார். பிறகு கோட்டுக்குப் பின்னே போகத் திரும்பியவர், கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒரு பெண்மணியின் துப்பட்டா வண்டிக்கு வெளியே தொங்குவதைக் கண்டார். அதை எடுத்து உள்ளே செருகக் குனிந்தார். இருக்கைகளின் உயர்ந்த முதுகுகள் அவரை என் பார்வையிலிருந்து மறைத்துவிட்டன.

இவையெல்லாம் நான் பின்னர் அறிந்தவை. அப்போது நான் கண்டது: முன்முனையில் ஒரு கட்டைவிரல். பின்முனையில், வெயிலின் கூச்சத்துக்கு நடுவே, செம்மஞ்சள் கையொன்றில் ஒரு கட்டைவிரல். வழக்கத்தைவிட நெடுநேரம் உயர்ந்தே நின்றது. நின்றிருப்பவர் கையைவிட அது தாழ்ந்திருப்பதை என் கண் கணக்கிடவில்லை. ஞாயிறுதோறும் இரண்டு விரல்களைக் காணும் இடத்தில் அன்று ஒன்றே இருந்ததையும் கணக்கிடவில்லை. பலகை விளக்கு எரிந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

வண்டி நகர்ந்தது. ஒரு பெண் குரல் கேட்டது. அது மகிழ்ச்சிக் குரல் அன்று என்பதை, பன்னிரண்டாண்டு அலறல்களைக் கேட்டுப் பழகிய என் செவி உடனே அறிந்தது. அவசர நிறுத்தத்தை அறைந்தேன். வண்டி இரண்டு முழம் ஓடி நின்றது. செல்வராணி மேடையில் விழுந்து கிடந்தார். வலக்கை மணிக்கட்டு ஒரு கை மடியக்கூடாத விதமாக மடிந்திருந்தது.

நான் கூண்டை விட்டு வெளியே வந்தபோது கடைசி வரிசையைப் பார்த்தேன். சீருடை அணிந்த தியாகராஜன். கை இன்னும் பாதி உயர்ந்தே இருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று அவருக்குத் தெரியாததுபோல் இருந்தார்.

பயணிகளை இறக்கி, செல்வராணியை மருத்துவமனைக்கு அனுப்பிய பின், ஒரு சிறு அறையில் தியாகராஜனை அமரவைத்தனர். பாதுகாப்பு அதிகாரி ஒருவர், திரு. இருதயராஜ், நான். இருதயராஜின் கடிகாரம் மேசைமேல் இருந்தது.

"இந்தச் சட்ட உங்களுக்கு எப்படிக் கெடைச்சது?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

தியாகராஜன் என் பக்கம் திரும்பவில்லை.

"தச்சது சார். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு டெய்லர். உங்க ஸ்டாஃப் சட்டய பாத்து அதே கலர்ல துணி எடுத்துத் தச்சேன்."

"எதுக்கு?"

"ஆசை சார்."

நான் அதிர்ந்தேன். முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குச் சத்தியம் செய்துவைத்தவர், என் கண்முன், எனக்காக, சற்றும் குரல் நடுங்காமல் பொய் சொன்னார். அதைவிடப் பேரதிர்ச்சி, என் வாய் திறவாமல் இருந்தது. மூன்று மாதத்தில் ஓய்வு. பிரிவுபசாரத்துக்கு அழைப்பிதழ்கூட அச்சாகியிருந்தது. திறக்கவேண்டும் என்று எண்ணினேன், திறக்கவில்லை. அதிகாரி சட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். ஆதாரத்துக்காக அதை உறையில் இட்டனர். நினைவுப்பொருள் கடையிலிருந்து பல்லைக் காட்டும் டைனோசர் படம் போட்ட ஒரு பனியனைக் கொண்டுவந்து கொடுத்தனர். அதை அணிந்துகொண்டு அந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் எம்ஆர்டி ரயில் நிலையத்தை நோக்கி நடந்து போனார்.

அன்று மாலை என் அறிக்கையை இருதயராஜ் உரக்கப் படித்தார். இடப்பக்கத்தில் நான் எழுதியிருந்த முதல் வரி: 'செல்வராணியின் கட்டைவிரலைக் கண்டேன்.'

"செல்வராணியப் பாத்தீங்களா?"

"இல்லை சார். கையைப் பார்த்தேன்."

"செல்வராணி கையா?"

"ஒரு கை."

"கையப் பாத்தீங்களா, சட்டயப் பாத்தீங்களா?"

"சட்டையை," என்றேன்.

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, வலப்பக்கத்தில், 'நான் கருதியது' என்பதன் கீழ் அதை மீண்டும் எழுதினேன். இடப்பக்கத்தில், 'செம்மஞ்சள் நிறம்' என்று மட்டும் எழுதினேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கடிகாரத்தையும் எடுத்து அணியவில்லை.

நான்காம் நாள், தியாகராஜனுக்கு வாழ்நாள் தடை என்று கடிதம் போய்விட்டதாக அறிந்தேன். ஃபேரர் பார்க்கில் அவர் வழக்கமாக மதிய உணவு உண்ணும் கடைக்குச் சென்றேன். அவர் முன் தோசை ஆறிக் கிடந்தது. எதிரே அமர்ந்தேன்.

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"நீங்க ரிட்டயர் ஆகப்போறீங்கண்ணே. எனக்கு என்ன, விளையாட்டு. உங்களுக்கு அது வேலை."

"அது உங்களுக்கு விளையாட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும்."

அவர் தோசையைத் தள்ளிவைத்தார். சட்டைப்பையிலிருந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சவாரி எண்ணிக்கைல வருமா?"

ஒரு பெண் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள். இவர் எண்ணிக்கை கேட்கிறார். எழுந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கு எழுத விரும்பவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தனர் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அவர் நான் சொல்லி முடிக்கும்வரை தலைகுனிந்து கேட்டார். பிறகு சொன்னார்.

"பதினொன்னு வரைக்கும் எழுதிருக்கேன். ஆயிரத்துப் பதினொன்னு. இது கணக்குல வந்தா, என் வாழ்க்கையோட கடைசி சவாரி செல்வராணி விழுந்ததுண்ணே. கண்ண மூடுனா அதான் வரும். வரலைன்னா, அதுக்கு முந்தின வாரம் போனதுதான் கடைசி. அது நல்லா இருந்துச்சு. மழ வர்ற மாதிரி காத்து. நீங்ககூட கையக் காட்டுனீங்க. அதத்தாண்ணே கேட்டேன்."

நான் மீண்டும் அமர்ந்தேன். ஆயிரத்துப் பன்னிரண்டாம் வரியில் எண் இருந்தது. எதிரே ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுமைக்கும் மிஞ்சப்போவது எந்த நினைவு என்பதைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமைகூடத் தமக்கில்லை என்று அவர் கருதியதை அப்போதுதான் உணர்ந்தேன்.

"இதற்கு விடை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. செல்வராணியிடம் கேளுங்கள்," என்றேன்.

அங்கிருந்து நேரே பூங்காவுக்குச் சென்று இருதயராஜின் அறைக் கதவைத் தட்டினேன். அமரச் சொன்னார். கடிகாரத்தைக் கழற்றினார்.

"அந்தச் சட்டை தியாகராஜன் தைப்பித்ததன்று. என்னுடையது. நான் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வரச் சொன்னவனும் நான்," என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த உறையை எடுத்தார். சட்டையின் கழுத்துப்பட்டியை விரித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை நாடாவில், சலவைக்காக ஒவ்வொரு சீருடையிலும் தைக்கப்படும் பணியாளர் எண். என் எண்.

"மொத நாளே பாத்துட்டேன், மிஸ்டர் மணி."

அந்த நாடாவை விரலால் தொட்டுப் பார்த்தேன். பின்பு, "ஏன் கேட்கவில்லை?" என்றேன்.

"நான் கேட்டு நீங்க சொன்னா, அது எனக்குப் பயந்து சொன்னது. ரிப்போர்ட் நாளைக்குப் பத்து மணிக்கு மேலிடத்துக்குப் போகுது. ஒரு வரிக்கு எடம் விட்டு வச்சிருக்கேன்." தாளை எடுத்து வைத்தார். இடப்பக்கத்தில் ஒரு வரி வெறுமையாக இருந்தது. "நீங்க வரலைன்னா நம்பர நானே எழுதியிருப்பேன். ஆனா அப்போ அது 'நான் கண்டது'ன்னு என் கையெழுத்துல இருக்கும். உங்க கையெழுத்துல இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

எழுதினேன். பன்னிரண்டாண்டுகளில் அவர் திருத்தாமல் ஏற்றுக்கொண்ட முதல் வரி அது.

என்னைக் கட்டுப்பாட்டுக் கூண்டிலிருந்து நுழைவாயிலுக்கு மாற்றினர். எச்சரிக்கைக் கடிதம் தந்தனர். பிரிவுபசாரம் நடக்கவில்லை, அது நியாயமே. தியாகராஜனின் வாழ்நாள் தடை ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. கட்டைவிரலை நீக்கிப் பொத்தானைக் கொண்டுவர வேண்டும் என்று அவ்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பரிந்துரைத்தவர் இருதயராஜ். அவர் காரணமாக எழுதியது ஒரு திருடனைப் பற்றி அன்று. 'இயக்குபவர் ஒரு நிறத்தைக் கண்டு ஓர் ஆளைக் கருதினார்' என்பதே அவருடைய வாசகம். பயிற்சி வகுப்பில் கதை சொல்வோர் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

தியாகராஜன் என் சொற்படி செல்வராணி வீட்டுக்குப் போயிருக்கிறார். பழப்பையோடு வாசலிலேயே நெடுநேரம் நின்றாராம். செல்வராணி எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"உள்ள வாங்கன்னா வர மாட்டேங்குறாரு. அப்புறம் அந்த நோட்ட நீட்டுறாரு. எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலண்ணே. 'ஸ்டேஷன விட்டு வெளிய போனாத்தான் சவாரி. இது போகல. எண்ணாதீங்க'ன்னு சொல்லிட்டேன். எடது கையாலயே அந்த வரிய அடிச்சுக் குடுத்தேன். கோணலா போச்சு."

"வலி எப்படி இருக்கிறது?"

"இருக்கு. அவரு மேலயும் கோவம் இருக்கு, உங்க மேலயும் இருக்கு. அதுக்காக அவரு கடைசி ரைடு நானா இருக்கணுமா?"

இனி, நான் தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். நான் அன்று பூங்காவுக்குச் சென்றதற்குக் காரணம் தியாகராஜன். அவருடைய ஓராண்டுத் தடை முடிந்திருந்தது. வரச் சொல்லி எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். பயிற்றுநர் அக்கதையைச் சொன்னபோது, அறுவரும் சிரித்தபோது, கடைசி வரிசைக்கான கம்பித் தடுப்புக்குப் பின்னே காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். பயிற்றுநரை நோக்கி நான் ஓரடி எடுத்துவைத்தேன். தியாகராஜன் தலையை மெல்ல அசைத்து என்னைத் தடுத்தார்.

கதவு திறந்தது. மேடையோரத்து இருக்கையில் அமர்ந்தார். செல்வராணி வந்து அவருடைய பாரை அழுத்தி, இழுத்துப் பார்த்தார்.

"சரியா இருக்கா அங்கிள்?"

"இருக்கும்மா."

செல்வராணி மஞ்சள் கோட்டுக்குப் பின்னே சென்று பொத்தானை அழுத்தினார். புதிய பயிற்சியாளர்கள் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தனர். நான் தியாகராஜனின் கைகளைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் பார்மேல் வைத்திருந்தார். கட்டைவிரல்களை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் இறுக மூடியிருந்தார். மூட்டுகள் வெளுத்திருந்தன.

வண்டி கிளம்பியது. மேடையின் விளிம்பைக் கடந்து, கடைசி இருக்கையும் வெயிலுக்குள் சென்ற பிறகே, அந்த இரண்டு கைகளும் திறந்து மேலே எழுந்தன.